தயிரைக் கடைசியில் விடுங்கள்: டெல்டா வீட்டில் நனிசைவம் நிலைக்க முழுமையான வழிகாட்டி

என் சித்தி மகன் தை முதல் தேதி கறி, மீன், முட்டை, பால், தயிர், நெய் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினான். பத்தொன்பதாம் நாள் மதியம் சாம்பார்ச் சோறும் ரசச் சோறும் முடிந்த பிறகு இலையில் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கவும் மனமில்லை, சாப்பிடவும் ஒன்றும் இல்லை. சித்தி ஒரு கரண்டி சோற்றைப் போட்டு மோரை ஊற்றினார். சாப்பிட்டு எழுந்தவன் மாலையில் காபியும் குடித்தான். மறுநாள் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது.

கறி, மீன், முட்டையோடு பால் பொருட்களையும் விட்டுவிடும் இந்த உணவுமுறைதான் நனிசைவம். நான் பால் பொருட்களை விட்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இதற்குள் பாபநாசம், கும்பகோணம் சுற்றுவட்டாரத்தில் உறவிலும் நட்பிலுமாகப் பத்துப் பதினைந்து பேர் இதேபோல் நடுவழியில் தடுக்கி விழுந்ததைப் பார்த்துவிட்டேன். இவர்களில் கறிக்கும் மீனுக்கும் ஏங்கி முயற்சியைக் கைவிட்டவர்கள் இரண்டு பேர்தான். மற்ற எல்லோரையும் மோர்ச் சோறும் காலைக் காபியும் திரும்ப இழுத்துக்கொண்டன.

ஆகவே எதை எதற்குப் பிறகு விடுவது என்ற வரிசையைத்தான் கீழே முதன்மையாக எழுதியிருக்கிறேன். ஒரு பொருளை விடுவதற்கு முன்பே அதன் இடத்தில் வரவேண்டியது வீட்டில் புழங்கத் தொடங்கிவிட வேண்டும். இதற்கு நான்கைந்து மாதங்கள் பிடிக்கும். அவசரப்பட வேண்டாம்.

1. முதலில் ரத்தப் பரிசோதனையும் பி12 மாத்திரையும்

சமையலறைக்குள் போவதற்கு முன் செய்ய வேண்டியது இது. வைட்டமின் பி12 செடிகொடி உணவு எதிலும் நம்பத்தக்க அளவில் கிடையாது. உடல் அதைக் கல்லீரலில் சேமித்து வைத்திருப்பதால், குறைபாடு வெளியே தெரிய மாதங்கள் ஆகும், சிலருக்கு ஆண்டுகளே ஆகும். "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே சேமிப்பு கரைந்துகொண்டிருக்கும்.

நானும் அப்படித்தான் அலட்சியமாக இருந்தேன். இரண்டாம் ஆண்டில் கால் விரல்கள் மரத்துப்போயின. நடு முற்றத்தில் வெறுங்காலோடு நடந்தால் தரையின் சூடு தாமதமாகத் தெரிந்தது. மருத்துவர் ஊசி போட்டுச் சரிசெய்தார். நரம்பு பாதித்தால் எல்லோருக்கும் முழுமையாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 இல் வெளியிட்ட பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 2.2 மைக்ரோகிராம் பி12 தேவை. மாத்திரையாக விழுங்குவதில் மிகச் சிறு பங்கைத்தான் உடல் எடுத்துக்கொள்ளும் என்பதால், தினம் 10 மைக்ரோகிராமுக்குக் குறையாமல் அல்லது வாரம் ஒருமுறை 2000 மைக்ரோகிராம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. உங்கள் அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். மருந்துக்கடையில் கேப்சூல் கொடுத்தால் அதன் உறை பெரும்பாலும் விலங்கிலிருந்து எடுத்த ஜெலட்டினாக இருக்கும். மாத்திரையாகவே கேட்டு வாங்குங்கள்.

இங்கே இரண்டு தவறான நம்பிக்கைகள் உலவுகின்றன. பழைய சோற்றில் பி12 நிறைய இருக்கிறது என்பது ஒன்று. பழைய சோறு நல்ல உணவு, நான் தினமும் சாப்பிடுகிறேன். ஆனால் அதை நம்பி மாத்திரையை விடாதீர்கள். சுருள்பாசி (ஸ்பைருலினா) போதும் என்பது மற்றொன்று. அதில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடலுக்குப் பயன்படாத வடிவம்.

பரிசோதனையில் பி12, ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பு), வைட்டமின் டி நான்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய்க்கு மெட்பார்மின் சாப்பிடுபவர்களுக்கு அந்த மருந்தே பி12 ஐக் குறைக்கும் என்பதால் கூடுதல் கவனம் வேண்டும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது.

2. ஒரு வாரம் எதையும் விடாமல் எழுதி மட்டும் வையுங்கள்

ஒரு நோட்டில் ஏழு நாட்கள், எந்த நேரத்தில் எந்த உருவத்தில் பால் உங்கள் வாய்க்குள் போகிறது என்று எழுதுங்கள். நிறுத்த வேண்டாம், எழுதினால் போதும். எங்கே பழக்கம், எங்கே பசி, எங்கே வெறும் உபசரிப்பு என்பது நான்காம் நாளே தெரிந்துவிடும்.

தயிரும் காபியும் எல்லோர் கண்ணிலும் படும். படாதவை இவை: வாழைப்பூவை ஆய்ந்து போடும் மோர்த் தண்ணீர், மோர் மிளகாய், முறுக்கிலும் தட்டையிலும் ரிப்பன் பக்கோடாவிலும் பிசையும் வெண்ணெய், ரவா தோசை மாவில் ஊற்றும் புளித்த மோர், ரவை இட்லியில் கலக்கும் தயிர், ரசத்துக்கு நெய்யில் கொட்டும் தாளிப்பு, பரோட்டா மாவில் சேரும் பாலும் முட்டையும், தேநீரோடு வரும் பிஸ்கெட்.

கடைப் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் பால் இல்லை என்று பொருள் அல்ல. சைவக் குறியீட்டில் பாலும் அடங்கும். நனிசைவ உணவுக்கென்று 2022 இல் தனி விதிமுறை வந்திருக்கிறது, அதற்கான குறி பச்சை நிறத்தில் வேறாக இருக்கும். நம் ஊர்க் கடைகளில் அந்தக் குறியுள்ள பொருட்கள் அரிது. எனவே பின்பக்கத்துச் சேர்மானப் பட்டியலின் கடைசியில், ஒவ்வாமை பற்றிய வரியில், பால் என்று இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு வரி போதும்.

3. பயறு டப்பாக்களை நிரப்புங்கள்

நம்மிடம் இருக்கும் வசதி பல ஊர்களில் இல்லை. சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே ஈர வயலில் உளுந்தும் பச்சைப் பயறும் தெளித்துவிடுவது இந்த மண்ணின் வழக்கம். நெற்பயிரின் மிச்ச ஈரத்திலேயே அவை விளைந்து பங்குனி, சித்திரையில் வீட்டுக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் தெரிந்த விவசாயியிடம் ஆண்டுக்குத் தேவையானதை வாங்கிக் காயவைத்து, வேப்பிலை போட்டு வைத்துவிடுங்கள். பயறு கைக்கு எட்டும் இடத்தில் இல்லாத வீட்டில் நனிசைவம் வெறும் சோறும் ரசமுமாகச் சுருங்கிவிடும். பிறகு சோர்வு வரும், பழி கொள்கையின் மேல் விழும்.

கணக்கு எளிது. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்பது பரிந்துரை. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 50 கிராம். சமைக்காத அளவில் 250 கிராம் அரிசியில் 18 முதல் 20 கிராம், 100 கிராம் பயறு அல்லது பருப்பில் 23 கிராம் அளவில், ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 10 கிராம். கூட்டிப் பாருங்கள், வந்துவிடும். புதியவர்கள் செய்யும் பிழை, நாளுக்கு 30 கிராம் துவரம்பருப்பைச் சாம்பாரில் கரைத்துவிட்டு "பருப்பு சாப்பிட்டேனே" என்று நினைப்பது. பயறு கெட்டியாக இலையில் தெரிய வேண்டும். சுண்டல், பருப்பு உருண்டைக் குழம்பு, பருப்பு உசிலி, கொண்டைக்கடலை போட்ட பிட்லை, இட்லிக்குப் பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த கும்பகோணம் கடப்பா. எல்லாமே நம் வீட்டுச் சமையல்தான். இவற்றுக்குப் பாலின் தேவையே இல்லை.

சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, அகத்திக்கீரை. கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. தோல் நீக்காத எள்ளில் 1000 மில்லிகிராமுக்கு மேல். நாளுக்கு 1000 மில்லிகிராம் வேண்டும் என்பதால், ஒருவேளைக் கேழ்வரகுக் கூழோ அடையோ, இரண்டு கரண்டி எள்ளுப்பொடி, ஒரு கீரை என்று தினமும் இருக்கட்டும். இரும்புச் சத்து நன்றாக உடலில் சேரக் கீரையிலும் சுண்டலிலும் எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். சாப்பிட்டதும் தேநீரோ காபியோ குடித்தால் அது சேர்வது குறையும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். அயோடின் கலந்த உப்பையே பயன்படுத்துங்கள்.

4. முதல் மாதம்: கறி, மீன், முட்டை

சைவ வீட்டில் பிறந்தவர்கள் அடுத்த படிக்குப் போகலாம். மற்றவர்கள் புரட்டாசியில் தொடங்குங்கள். அந்த மாதம் பல வீடுகளில் கறி சமைப்பதில்லை, யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதும் இல்லை. ஐப்பசி பிறந்ததும் திரும்பப் போகாமல் இருப்பதுதான் உங்கள் வேலை.

மீன் குழம்பில் நாக்கு தேடுவது பெரும்பாலும் குழம்பைத்தான். அதே புளி, அதே மிளகாய்த்தூள், அதே மாங்காய், நல்லெண்ணெயில் வதக்கிய சின்ன வெங்காயம், மண்சட்டி எல்லாம் அப்படியே இருக்கட்டும். மீனுக்குப் பதில் சேனைக்கிழங்கைத் தடித்த துண்டாக வறுத்துப் போடுங்கள். மறுநாள்தான் ருசி. வீட்டில் கருவாடு வறுக்கும் நாளில் மட்டும் கொஞ்சம் தள்ளி இருங்கள்.

5. இரண்டாம் மாதம்: நெய், வெண்ணெய், இனிப்பு

நெய்யை முதலில் விடச் சொல்வதற்குக் காரணம், நம்மிடம் செக்கு நல்லெண்ணெய் இருக்கிறது. சுடச்சுடப் பருப்புச் சோற்றில் நல்லெண்ணெய் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுப் பாருங்கள். ஒரு வாரத்தில் பழகிவிடும். வெண்பொங்கலுக்குத் தேங்காய் எண்ணெயில் மிளகு, சீரகம், இஞ்சி, முந்திரி தாளிக்கலாம். நெய்யின் வாசனை வராது. அதை எதிர்பார்த்துச் சமைத்தால் ஏமாற்றம்தான்.

பாயசம் சுலபம். வறுத்து வேகவைத்த பாசிப்பருப்பு, வெல்லப்பாகு, இறக்கிய பிறகு கெட்டித் தேங்காய்ப்பால். முதல் பாலை ஊற்றிக் கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். இந்தப் பிழையைச் செய்யாத புதியவரை நான் பார்த்ததில்லை. திருவையாற்று அசோகா அல்வாவுக்கு மட்டும் என்னால் நிறைவான மாற்று செய்ய முடியவில்லை. அதை விட்டுவிட்டேன்.

பொங்கல் பானையில் பால் பொங்கவேண்டுமே என்று வீட்டில் கேட்பார்கள். அரிசி களைந்த தண்ணீரை ஊற்றிப் பொங்கவிடுவதும் பல வீடுகளில் உள்ள வழக்கம்தான். நுரைத்துக்கொண்டு நன்றாகவே பொங்கும்.

6. மூன்றாம் மாதம்: காபி

காபி பெயராலேயே அறியப்படும் ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்வது எளிதல்ல. டிகாக்ஷனைக் கருப்பாகக் குடிக்கப் பழகுபவர்கள் பாக்கியசாலிகள். மற்றவர்களுக்கு நான் சொல்வது முந்திரிப் பால்.

ஒரு டம்ளருக்குப் பன்னிரண்டு முந்திரியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, 150 மில்லி தண்ணீர் விட்டு வழுவழுப்பாக அரையுங்கள். நன்றாக அரைந்தால் வடிகட்ட வேண்டாம். சிறு தீயில் கிளறிக்கொண்டே சூடாக்கி, ஆவி எழும்போது இறக்கிவிடுங்கள். கொதித்தால் கஞ்சியாகிவிடும்.

பிறகு பாலை டம்ளரில் ஊற்றி, டிகாக்ஷனைச் சிறுகச் சிறுக அதில் சேருங்கள். டிகாக்ஷனில் பாலை மொத்தமாகக் கொட்டினால் புளிப்பும் சூடும் ஒன்றாகத் தாக்கித் திப்பி திப்பியாகப் பிரியும். சோயாப் பாலில் இது இன்னும் அதிகம். டிகாக்ஷனை வழக்கத்தைவிடக் கால்பங்கு குறையுங்கள், முந்திரிப் பால் அவ்வளவு கசப்பைத் தாங்காது. வெல்லம் போட்டால் திரியக்கூடும், சர்க்கரை பாதுகாப்பு. தேங்காய்ப்பால் எண்ணெய் மிதக்கவிடும், நிலக்கடலைப் பால் தன் வாசனையைக் காட்டும். இரண்டையும் காபிக்குத் தொடாதீர்கள்.

தொடக்கத்தில் காலைக் காபியை மட்டும் மாற்றுங்கள். மாலைக் காபி பெரும்பாலும் பேச்சுத்துணைக்குக் குடிப்பது. அதன் இடத்தில் கருப்பட்டிச் சுக்குக் காபி தடையில்லாமல் வந்து உட்கார்ந்துவிடும்.

7. கடைசியாகத் தயிர்

நம் சாப்பாடு மோரில் முடிகிறது. காரமும் புளியும் உண்ட வாய்க்குக் குளிர்ச்சியும் இலேசான புளிப்பும் உப்பும் சேர்ந்த ஒன்று கடைசியில் வேண்டும். அது வராதவரை வயிறு நிறைந்தாலும் சாப்பிட்ட நிறைவு வராது. சித்தி மகன் இலையில் கையை வைத்து உட்கார்ந்திருந்தது அதற்காகத்தான். எனவே மாற்று மோர் உங்கள் கைக்குப் பழகிய பிறகே தயிரை நிறுத்துங்கள். மூன்றாம் மாதத்திலேயே செய்து பார்க்கத் தொடங்கிவிடுங்கள்.

நிலக்கடலைத் தயிர் செய்யும் முறை இது.

200 கிராம் பச்சை நிலக்கடலையை ஏழெட்டு மணி நேரம் ஊறவைத்து, கையால் கசக்கித் தோலை முழுவதும் நீக்குங்கள். தோல் தங்கினால் துவர்க்கும். 800 மில்லி தண்ணீரைப் பங்கு பங்காக விட்டு நைசாக அரைத்து, மெல்லிய வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பிழியுங்கள். சக்கையை அடை மாவில் சேர்த்துக்கொள்ளலாம்.

பாலை அடிகனமான பாத்திரத்தில் சிறு தீயில் கிளறிக்கொண்டே காய்ச்சுங்கள். முதலில் பச்சைக் கடலையின் வாடை தூக்கலாக எழும், மேலே வெண்மையாக நுரைக்கும். கொதி வந்த பிறகும் பத்து நிமிடம் விடாமல் கிளறினால் அந்த வாடை அடங்கி, கடலை அவித்த மணம் வரும். அப்போது இறக்க வேண்டும். முன்பே இறக்கியவர்கள்தான் "ஒரே நாற்றம்" என்று என்னிடம் வருகிறார்கள்.

விரல் பொறுக்கும் வெதுவெதுப்புக்கு ஆறியதும், பச்சை மிளகாயிலிருந்து கிள்ளிய காம்புகள் பத்தைக் கழுவிப் போட்டு மூடிவையுங்கள். பாலைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர் அந்தக் காம்பில் இருக்கிறது. சூடாக இருக்கும்போது போட்டால் செத்துவிடும். சித்திரை வெயிலில் எட்டு மணி நேரம், மார்கழியில் பன்னிரண்டுக்கு மேலும் ஆகும். காம்புகளை எடுத்துவிடுங்கள். முதல் தடவை தளர்வாகத்தான் உறையும். அதிலிருந்து இரண்டு கரண்டி எடுத்து அடுத்த பாலுக்கு உறை ஊற்றுங்கள், மூன்றாம் தடவையில் கெட்டிப்படும். நிறம் மாறினாலோ கெட்ட வாடை அடித்தாலோ தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

இதைச் சோற்றில் அப்படியே ஊற்றாதீர்கள். ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் விட்டுக் கடைந்து, உப்பு, இடித்த இஞ்சி, பெருங்காயம், கறிவேப்பிலை சேர்த்து, கடுகு தாளித்துக் கொட்டுங்கள். புளிப்பு போதாவிட்டால் சில சொட்டு எலுமிச்சை. ஊறுகாயோடு சாப்பிட்டால் இலை நிறைவாக முடியும்.

இவ்வளவு வேலை பார்க்க முடியாத நாட்களுக்கு நீராகாரம் இருக்கிறது. இரவு சோற்றில் ஊற்றிய தண்ணீரைக் காலையில் வடித்துத் தனியே எடுத்துவையுங்கள். மதியம் உப்பும் நசுக்கிய சின்ன வெங்காயமும் சேர்த்து அதையே கடைசிச் சோற்றில் ஊற்றிக்கொள்ளலாம். கோடையில் மதியத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

8. கோயில், பந்தி, ஹோட்டல்

இடத்துக்குப் போவதற்கு முன்பே முடிவு எடுத்துவிடுங்கள். தொன்னை கைக்கு வந்த பிறகு யோசித்தால் சங்கடம் உங்களுக்கும் கொடுப்பவருக்கும். புளியோதரையும் நவராத்திரிச் சுண்டலும் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. சர்க்கரைப் பொங்கலும் தயிர்சாதமும் பிரசாதமாக வந்தால் நான் வணங்கி வாங்கிப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுகிறேன். ஒரு வாய் எடுத்துக்கொள்பவர்களை நான் குறை சொல்வதில்லை. உங்கள் வழி எது என்பதை வீட்டிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

கல்யாணப் பந்தியில் நெய்க்காரர் வரும்போது இலைமேல் கையை மறித்துக் காட்டினால் போதும், விளக்கம் வேண்டாம். ஹோட்டலில் "நெய், வெண்ணெய் இல்லாமல் எண்ணெயில் ஒரு சாதா தோசை" என்று பொருளைச் சொல்லிக் கேளுங்கள். நனிசைவம் என்று சொன்னால் "நாங்கள் சைவம்தான்" என்று சொல்லி நெய் ரோஸ்ட்டைக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆடிப்பெருக்குக்கு ஆற்றங்கரை போகும்போது கலந்த சாதங்களில் தயிர்சாதம் மட்டும்தான் இடிக்கும். ஒரு தூக்கில் உங்கள் கடலைத் தயிர்ச் சாதத்தைத் தனியே கட்டிக்கொள்ளுங்கள். தாளிப்பும் மாதுளை முத்தும் போட்டிருந்தால் மற்றவர்களும் கேட்பார்கள்.

9. வீட்டாரோடு

தனி உலை வைக்கச் சொல்லாதீர்கள். அடுப்பில் நிற்பவருக்கு வேலை கூடினால் மூன்றாம் வாரமே முகம் மாறும். குழம்பு, ரசம், கூட்டு எல்லாவற்றுக்கும் எண்ணெயில் தாளித்து, நெய்யை அவரவர் இலையில் ஊற்றிக்கொள்வது என்று ஒரே ஒரு மாற்றத்தைக் கேளுங்கள். முந்திரி அரைப்பது, கடலைத் தோல் நீக்குவது உங்கள் வேலை.

என் அம்மா முதல் ஆண்டு முழுதும் "பால் குடிக்காமல் எலும்பு என்ன ஆகும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் வாதாடியவரை ஓயவில்லை. தினமும் காலையில் அவருக்கும் சேர்த்துக் கேழ்வரகுக் கூழ் கரைத்து வைக்கத் தொடங்கிய பிறகு கேள்வி நின்றது. வீட்டில் மாடு இருந்தால் பேச்சு இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மாட்டை உயிராய் வளர்ப்பவரிடம் கொடுமை என்ற சொல்லை எடுக்காதீர்கள்.

10. வழுக்கினால்

நாள்காட்டித் தாளில் எழுதுங்கள்: என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, அதற்கு முன் என்ன சாப்பிட்டிருந்தேன். அடுத்த வேளையே பழைய வரிசைக்குத் திரும்புங்கள். "இந்த மாதம் போகட்டும், அடுத்த முதல் தேதி" என்று தள்ளியவர்கள் திரும்பி வந்ததை நான் பார்க்கவில்லை.

இரண்டு வாரத்தில் ஒரே பொருளுக்கு மூன்று முறை வழுக்கினால் குறை அந்த மாற்றில் இருக்கிறது. முந்திரிப் பால் பிடிக்கவில்லையா, காபி கருப்பாகவா, சுக்கா என்று மாற்றிப் பாருங்கள். ஒரு படி பின்னே போய், நெய்யை விட்டதோடு நின்று, தயிருக்கு இன்னும் ஒரு மாதம் எடுத்துக்கொள்வதும் சரியே. மாலை நான்கு மணிக்கே திரும்பத் திரும்ப வழுக்குகிறதென்றால் மதியம் பயறு குறைந்திருக்கிறது. முன்கூட்டி அவித்த கடலை ஒரு கிண்ணம் வைத்துவிடுங்கள்.

சித்தி மகன் மறு புரட்டாசியில் இந்த வரிசைப்படி மீண்டும் தொடங்கினான். கடலைத் தயிர் அவனுக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. இப்போது சித்தி தினமும் இரவு சோற்றில் ஒரு செம்புத் தண்ணீர் கூடுதலாக ஊற்றிவைக்கிறார்.